செக் என்னும் சொல்

ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தமிழாக்குமாறு ஆசிரியர் மாணவர்க்குக் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் தக்க வேளையில் காய்ச்சலைச் 'செக்' செய்தார், அதனால் குழந்தை பிழைத்தது என்பது அத்தொடர். மாணவர் ஒருவர், "மருத்துவர் தக்க வேளையில் காய்ச்சலைச் சோதித்துப் பார்த்தார், அதனால் குழந்தை பிழைத்தது" என்று எழுதுகிறார். சோதித்துப் பார்த்த அளவிலே குழந்தை பிழைக்குமோ? காய்ச்சலை மேலும் ஏறவிடாமல் தடுத்து நிறுத்தினார் என்பதே அத்தொடரின் கருத்து. மாணவர் எழுதியதும் அச்சொல்லுக்கு உரிய பொருள்களுள் ஒன்றுதான். ஆயினும், இடமறிந்து இடாமையால், உயிர் காத்த செயல் வெறும் பார்வையாக மெலிந்துவிட்டது.

'செக்' என்பது மிகச் சிறிய சொல். ஆங்கிலத்தில் அஃது ஏற்கும் பொருள்களோ பல. சதுரங்க ஆட்டத்தில் எதிரியின் அரசனைத் தாக்க வரும்போது கூறும் எச்சரிக்கை 'செக்'. பாய்ந்து வரும் ஒன்றைத் தடுத்து நிறுத்துதலும் 'செக்'. கணக்கிலே பிழை உண்டா என்று சரிபார்த்தலும் 'செக்'. வங்கியிலிருந்து பணம் பெறுவதற்கு எழுதித் தரும் தாளும் 'செக்'. கட்டம் கட்டமாக நெய்த துணியும் 'செக்'. அரசன் எங்கே, துணி எங்கே? காய்ச்சல் எங்கே, வங்கி எங்கே? ஒன்றோடொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் இப்பொருள்கள் ஒரே சொல்லில் எங்ஙனம் வந்து குடியேறின?

இவ்வினாவை எழுப்பாமலே நம்மிற் பலர் ஆங்கிலம் கற்றுவிடுகின்றனர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வகுத்துக்கொண்டு, அதனை நெட்டுருச் செய்து, எங்குக் கண்டாலும் அப்பொருளையே இட்டு நிரப்புகின்றனர். இம்முறை மாற வேண்டும் என்பது என் கருத்து. பல பொருள் உடைய சொல்லைக் கற்கும்போது, அப்பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த வழியையும் உடன் கற்றல் வேண்டும். வழி அறிந்தவனுக்குப் பொருள்கள் பத்தாயினும் சுமையாகா. வழி அறியாதவனுக்கு இரண்டே பொருள்களும் மயக்கம் தரும். இக்கருத்தை நிலைநாட்டுவதற்கு 'செக்' என்னும் அச்சொல்லின் வரலாற்றையே சான்றாகக் கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். ஒலியால் ஒத்திருக்கும் சொற்கள் எல்லாம் ஒரு சொல் ஆகா. கிரிக்கெட்டு ஆடும் மட்டையையும் வௌவாலையும் ஆங்கிலேயர் 'பேட்' என்றே கூறுகின்றனர். ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து முளைத்த சொற்கள். மட்டையைக் குறிப்பது பழைய ஆங்கிலத்தில் தடியை உணர்த்திய சொல்லிலிருந்து வந்தது. வௌவாலைக் குறிப்பது வட ஐரோப்பிய மொழியினத்தைச் சேர்ந்த வேறொரு சொல்லின் திரிபு. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியைப் பெற்றுவிட்டன. ஒரே பெயர் பூண்ட இரு மனிதரைப் போன்றவை அவை. பெயர் ஒன்றாயினும் குடி வேறு. 'செக்' என்பதோ அத்தகையது அன்று. அதன் பொருள்கள் யாவும் ஒரே குடியிற் பிறந்த உடன்பிறப்புகள். அக்குடியின் தலைவன் ஓர் அரசன்.

சதுரங்கம் இந்தியாவில் தோன்றியது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் முடிவு. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் வடசொல்லே அவ்வாட்டத்திற்குப் பெயராயிற்று. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டளவில் அது பாரசீகத்தை அடைந்தது. இந்திய மன்னன் ஒருவன் பாரசீக வேந்தனுக்கு அதனை அனுப்பி அவனுடைய அறிவை அளந்தான் என்று பாரசீகப் பெருங்காப்பியமாகிய 'ஷாநாமா' ஒரு கதை கூறுகிறது. பாரசீகர் அவ்வாட்டத்தைச் 'சத்ரங்' என்றனர். 7ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை வென்ற அராபியர் அதனை 'ஷத்ரஞ்சு' என வழங்கினர். பாரசீக மொழியில் அரசனுக்கு 'ஷா' என்பது பெயர். எதிரியின் அரசனுக்கு இடர் நேரும்போது, "ஷா!" என்று கூவி எச்சரித்தல் ஆட்டத்தின் மரபு. உன் அரசனைக் காத்துக்கொள் என்பது அதன் கருத்து.

அராபியரோடு சதுரங்கம் ஐரோப்பாவுக்குச் சென்றது. 'ஷா' என்பதன் முதலொலி இலத்தீன் மொழியில் இல்லாதது. இலத்தீனில் எழுதியவர்கள் அதனை 'ஸ்காக்கஸ்' என்று திரித்துக்கொண்டனர். பழைய பிரெஞ்சு மொழியில் அது 'எஸ்செக்' ஆயிற்று. 1066ஆம் ஆண்டில் நார்மன் மக்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்தில் வெள்ளம்போலப் புகுந்தன. அவற்றோடு இச்சொல்லும் புகுந்து, முன்னெழுத்தை இழந்து 'செக்' என நின்றது. அதன் பன்மை வடிவமே 'செஸ்' என்று ஆட்டத்தின் பெயராயிற்று. ஆகவே, 'செஸ்' என்பதும் 'செக்' என்பதும் ஒரு தாய் மக்கள். ஆட்டம் முடியும்போது கூறும் 'செக்மேட்' என்பதும் 'ஷா மாத்' என்ற தொடரின் திரிபே. அரசன் இறந்தான் என்பது அதன் பொருள் எனச் சிலர் கூறுவர். அரசன் செய்வதறியாது திகைத்து நின்றான் என்பதே பொருள் என வேறு சிலர் கூறுவர். ஆட்டத்தில் அரசனைக் கொல்லும் வழக்கம் இல்லை. அவன் செல்ல வழியின்றி நிற்பதோடு ஆட்டம் முடிகிறது. ஆதலின் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இனி, அரசன் என்று பொருள்பட்ட சொல் தடை என்று பொருள்பட்டது எவ்வாறு? ஆட்டக்களத்தைக் கண்முன் கொண்டு பாருங்கள். "செக்" என்ற குரல் எழுந்தவுடன், எதிரில் இருப்பவர் தம் திட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு அரசனைக் காக்க முயல வேண்டும். அவருடைய முன்னேற்றம் அக்கணமே தடைப்படுகிறது. எனவே, ஆட்டத்திற்கு வெளியேயும் ஒருவர் செயலைத் திடீரென்று தடுத்து நிறுத்துதல் 'செக்' எனப்பட்டது. பகைவர் படையைத் தடுத்தலும், காட்டுத்தீயை மழை அடக்குதலும், காய்ச்சலை மருந்து தணித்தலும் இப்பொருளில் அடங்கின.

தடுத்தலிலிருந்து சரிபார்த்தல் பிறந்தது. பணம் கையாளும் இடத்தில் தவறும் வஞ்சகமும் நேராமல் தடுப்பது எப்படி? ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் ஒத்துப் பார்ப்பதே சிறந்த தடை. அதனால், தவறு நேராமல் தடுத்தலைக் குறித்த சொல், அதற்குக் கருவியாகிய ஒத்துப் பார்த்தலையும் குறிக்கலாயிற்று. இன்று தேர்வுத்தாளைக் கொடுக்கும் முன் ஒரு முறை 'செக்' செய்க என்று ஆசிரியர் கூறும்போது, பிழையைத் தடுத்துக்கொள்க என்ற பழம்பொருளும் உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சொல்லின் ஒரு கிளை இது. மற்றொரு கிளை சதுரங்கப் பலகையிலிருந்து படர்ந்தது. கட்டங்கள் நிறைந்த அப்பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியே' என்று பெயர். பலகையைப் போலக் கட்டமிட்டவை யாவும் அப்பெயரின் உறவைப் பெற்றன. கட்டம் போட்ட துணி 'செக்' ஆனது இவ்வாறே. சென்னைக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. கட்டமிட்ட மெல்லிய பருத்தித் துணிவகை ஒன்றை மேனாட்டார் இன்றும் 'மெட்ராஸ்' என்றே அழைக்கின்றனர்.

அப்பலகையின் பெயர் இங்கிலாந்தின் கருவூலத்திற்கும் சென்று சேர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னரின் கருவூலத் தலைவராக விளங்கியவர் ரிச்சர்டு பிட்ஸ்நீல். கருவூலத்தின் நடைமுறைகளை ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் அவர் இலத்தீனில் ஒரு நூலாக இயற்றினார். ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உடைய மேசை ஒன்றை அந்நூல் காட்டுகிறது. அதன்மேல் கோடுகள் இட்ட கரிய துணி விரிக்கப்பட்டிருக்கும். மாவட்ட அதிகாரிகள் ஆண்டிற்கு இருமுறை வந்து, அம்மேசையின்முன் அமர்ந்து, அரசனுக்குச் சேர வேண்டிய பணத்திற்குக் கணக்குக் காட்டுவர். பென்னி, ஷில்லிங், பவுன், 20 பவுன், 100 பவுன், 1000 பவுன் என ஒவ்வொரு மதிப்பிற்கும் ஒரு பத்தி உண்டு. அப்பத்திகளில் வட்டுகளை வைத்தும் எடுத்தும் கணக்கிடுவர். இந்தியாவில் தோன்றிய சுழியும் இடமதிப்பு எண்முறையும் அக்கருவூலத்திற் புகாத காலம் அது. உரோம எண்களை எழுதிக் கூட்டுவது அரிதாகலின், கண்ணாற் கண்டு கணக்கிட இம்மேசை உதவிற்று. கணக்குக் கேட்பவரும் கணக்குக் காட்டுபவரும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் காட்சி சதுரங்கம் ஆடுவதைப் போன்று இருந்தது. அதனால் அம்மேசையும் அதன்வழிக் கருவூலமும் 'எக்ஸ்செக்கர்' எனப் பெயர் பெற்றன. இன்றும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்பதே பட்டம். அவரது பட்டத்தில் இப்பழைய கட்டத்துணி இன்னும் விரிந்து கிடக்கிறது.

அக்கருவூலத்தில் பணம் செலுத்தியவர்க்குத் தாளில் எழுதிய பற்றுச்சீட்டுத் தருவதில்லை. ஒரு மரக்குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுகள் இடுவர். 1000 பவுனுக்கு உள்ளங்கை அளவு, 100 பவுனுக்குக் கட்டைவிரல் அளவு, 20 பவுனுக்குச் சுண்டுவிரல் அளவு என்பது கணக்கு. பின்னர்க் குச்சியை நீளவாட்டில் இரண்டாகப் பிளப்பர். ஒரு பாதி பணம் தந்தவரிடமும், மறு பாதி கருவூலத்திலும் இருக்கும். ஐயம் எழும்போது இரண்டையும் பொருத்திப் பார்ப்பர். ஒருவர் தம் பாதியில் வெட்டொன்றைக் கூட்டினாலும் மறு பாதி அவர் பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடும். இக்குச்சிமுறை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீடித்தது. வழக்கொழிந்தபின் குவிந்து கிடந்த குச்சிகளை 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் இட்டு எரித்தனர். அத்தீ மீறிப் பரவிப் பாராளுமன்றத்தையே எரித்துவிட்டது. நாட்டின் கணக்கைக் காத்த குச்சிகள் நாட்டின் மன்றத்தையே அழித்தது வரலாற்றில் ஒரு வியப்பு.

குச்சிகளின் இடத்தைத் தாள்கள் பற்றியபோதும் அப்பழைய அறிவு மறையவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருவூலம் வெளியிட்ட பணமுறிகளில் வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளும் எதிர்த்துண்டு ஒன்று அமைந்தது. போலி முறிகளைத் தடுப்பதும் சரிபார்ப்பதும் அதன் பணி. ஆகவே அத்துண்டிற்குச் 'செக்' என்று பெயரிட்டனர். எதிர்த்துண்டின் பெயர் நாளடைவில் அதனோடு இணைந்த பணத்தாளுக்கே உரியதாயிற்று. நாம் வங்கியில் கொடுக்கும் காசோலை இதுவே. பிரிட்டனிலும் இந்தியாவிலும் இப்பொருளில் வரும்போது மட்டும் இச்சொல்லை 'எக்ஸ்செக்கர்' என்பதை ஒட்டிய தனி எழுத்துமுறையில் எழுதுவர். அமெரிக்கர் எல்லாப் பொருளுக்கும் ஒரே எழுத்துமுறையைக் கையாளுவர். எழுத்து வேறாயினும் சொல் ஒன்றே.

இப்பொழுது மீண்டும் நோக்குங்கள். அரசன், அரசனுக்கு இடர், அதனால் தடை, தடையால் பிழைநீக்கம், பிழை நீக்கும் எதிர்த்துண்டு, துண்டின் வழிக் காசோலை என ஒரு கிளை. அரசன் ஆடிய பலகை, பலகையின் கட்டம், கட்டத்துணி, துணி விரித்த கருவூலம் என மற்றொரு கிளை. முன்பு உறவற்றவை போலத் தோன்றிய பொருள்கள் இப்போது ஒரு குடும்பமாக விளங்குகின்றன. இவற்றை நெட்டுருச் செய்ய வேண்டியதில்லை. ஒருமுறை விளங்கிக்கொண்டால் போதும்.

இவ்வாறு கற்பதற்குக் காலம் ஏது என்று சிலர் வினவுவர். தேர்வுக்கு வேண்டிய பொருள் ஒன்று போதாதா, வேர் தேடுவது புலவர் வேலையன்றோ என்பர். மாணவரின் காலம் அரியது என்பதை நான் மறுக்கவில்லை. எல்லாச் சொற்களுக்கும் வரலாறு தேட வேண்டும் என்றும் கூறவில்லை. ஆனால், அடிக்கடி வரும் பலபொருட் சொற்கள் சிலவற்றையேனும் இங்ஙனம் கற்றால், மற்றச் சொற்களைக் காணும்போதும் அறிவு தானே விழித்துக்கொள்ளும். இச்சொல்லுக்கு இங்கே எப்பொருள் என்று வினவும் பழக்கம் வரும். அப்பழக்கம் இல்லாதவர் வளர்ந்தபின் மருந்தின் குறிப்பையோ சட்டத்தின் பகுதியையோ மொழிபெயர்க்க நேர்ந்தால், விளைவது மதிப்பெண் இழப்பு மட்டும் அன்று. நோய் தடுக்கப்பட்டது என்பதும் நோய் ஆராயப்பட்டது என்பதும் ஒன்றாகுமா? 1787ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில், ஆட்சித்துறை, சட்டமன்றம், நீதித்துறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று 'செக்' செய்யும் என்பர். ஒன்றன் அதிகாரம் வரம்பு மீறாமல் மற்றொன்று தடுக்கும் என்பதே அதன் கருத்து. அதனை வெறும் சரிபார்ப்பு என்று தமிழாக்கினால், குடிமக்களின் உரிமைக்கு வேலியாக அமைந்த ஒரு கொள்கையே கணக்குப்பிள்ளையின் வேலையாகச் சுருங்கிவிடும்.

மற்றொரு சாராரும் உளர். வேர்ப்பொருளே உண்மைப்பொருள், இன்றைய பொருள் சிதைவு என்பர் அவர். இதுவும் தவறு. ஆங்கிலத்தில் இனிமையைக் குறிக்கும் 'நைஸ்' என்னும் சொல், அறிவின்மையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதனைக் கொண்டு, தம்மை 'நைஸ்' என்று பாராட்டியவர்மேல் யாரேனும் சினம் கொள்வரோ? ஒரு சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்பதை முடிவு செய்வது இன்றைய வழக்கே. வரலாறு காட்டுவது சொல் வந்த வழியை; சொல் இன்று இருக்கும் வீட்டைக் காட்டுவது வழக்கு. இரண்டும் வேண்டும். மேலும், சான்றின்றி ஒலியை மட்டும் கொண்டு வேர் காண முயல்வதும் இழுக்கு. எண்ணெய் ஆட்டும் செக்கிற்கும் இந்தச் 'செக்'கிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஐரோப்பாவிலுள்ள செக் நாட்டின் பெயரும் வேறு. ஒலி ஒத்தது என்று உறவு கொண்டாடினால், பேட் என்னும் மட்டையையும் வௌவாலையும் ஒன்றாக்கிய பிழையே நேரும்.

தமிழருக்குப் பலபொருள் ஒருசொல் புதியது அன்று. திவாகரம் முதலிய நிகண்டுகள் அத்தகைய சொற்களுக்குத் தனித் தொகுதியே வகுத்துள்ளன. 'படி' என்ற சொல் ஏறும் படியையும், அளக்கும் படியையும், எழுதிய நூலின் படியையும், படித்தலையும் குறிக்கக் காண்கிறோம். அதனைக் கேட்டு நாம் மயங்குவதில்லை; இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். தாய்மொழியில் இயல்பாகச் செய்வதை அயல்மொழியிலும் செய்தல் வேண்டும் என்பதே நான் வேண்டுவது.

ஒரு கவலையையும் இங்கே கூறாதிருத்தல் இயலாது. இச்சொல் இன்று நம் பேச்சிலும் புகுந்துவிட்டது. கணக்கைச் 'செக் செய்' என்கிறோம். கடைக்காரருக்குச் 'செக் கொடு' என்கிறோம். 'செக் சட்டை' உடுத்துகிறோம். அரசியலில் ஒருவர் மற்றவருக்குச் 'செக் வைத்தார்' என்று செய்தித்தாள்களும் எழுதுகின்றன. பிறமொழிச் சொல் வந்து கலப்பதை நான் பழிக்கவில்லை. பாரசீகத்தின் அரசனை ஆங்கிலம் தன் வங்கியில் அமர்த்திக்கொண்டது. அதனால் ஆங்கிலம் தாழ்ந்துவிடவில்லை. ஆயினும், நம்மிடம் சரிபார் என்றும், தடு என்றும், காசோலை என்றும், கட்டம் என்றும் வேறு வேறு சொற்கள் தெளிவாக உள்ளன. காசோலை என்ற சொல்லைப் படைத்தவர் 'செக்' என்னும் ஒலியைப் பின்பற்றவில்லை. அத்தாள் செய்யும் தொழிலை நோக்கிக் காசு, ஓலை என்னும் இரண்டையும் இணைத்தார். கேட்ட அளவிலே பொருள் விளங்கிற்று. மொழிபெயர்ப்பிற்கு வழிகாட்டி அதுவே. இத்தனை சொற்களையும் ஒதுக்கிவிட்டு எல்லாவற்றிற்கும் ஒரே ஒலியை வழங்கினால், நம்மிடம் இருந்த தெளிவை நாமே இழந்தவர் ஆவோம்.

ஆகவே, அகராதியைத் திறக்கும்போது முதற்பொருளோடு மூடிவிடாதீர்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் படியுங்கள். அவை எவ்வாறு உறவாயின என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பின்னர், கையிலுள்ள தொடருக்கு மீண்டு வந்து, இங்கே இச்சொல் செய்யும் தொழில் யாது என்று கேளுங்கள். அவ்வாறு கேட்ட மாணவர், மருத்துவர் காய்ச்சலைத் தடுத்து நிறுத்தினார் என்றே எழுதியிருப்பார். குழந்தை பிழைத்ததன் காரணமும் படிப்பவர்க்கு விளங்கியிருக்கும்.